தங்கக் காசும் அதன் ஹக்கும்

(ரமளானை வரவேற்கும் முகமாக ஷஃபான் மாதத்தில் நமது பள்ளிவாசலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம். புகழனைத்தும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் வல்ல நாயனுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள், அவர்களைப் பின்பற்றிய நல்லோர் அனைவர் மீதும் என்றென்றும் நிலவட்டுமாக!

 

ரமளான் நெருங்கும்போது நம்மிடம் வந்து கேட்கப்படும் கேள்விகளில் பெரும்பாலானவை தங்கத்தைப் பற்றியவையாகவே இருக்கின்றன. எனவே தங்கக் காசாகச் சேமித்து வைப்பது பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் இன்று பேசுவதற்கு நாடியிருக்கிறோம்.

சுவருக்கு அடியில் இருந்த புதையல்

வெள்ளிக்கிழமை தோறும் நாம் ஓதி வரும் கஹ்ஃப் அத்தியாயத்தில், நபி மூஸா அலைஹிஸ்ஸலாம் அவர்களும் ஹிள்ரு அலைஹிஸ்ஸலாம் அவர்களும் ஓர் ஊருக்கு வருகிறார்கள். ஊரார் உணவளிக்க மறுத்துவிடுகின்றனர். அப்படியிருந்தும், அங்கே விழும் நிலையில் இருந்த ஒரு சுவரை ஹிள்ரு அவர்கள் நிமிர்த்தி வைக்கிறார்கள். கூலியும் கேட்கவில்லை. காரணம் பின்னர் சொல்லப்படுகிறது. அச்சுவர் இரண்டு அனாதைச் சிறுவர்களுக்கு உரியது; அதன் அடியில் அவர்களுக்கான புதையல் இருந்தது; அவர்களின் தந்தை ஸாலிஹான மனிதர்; அச்சிறுவர்கள் பருவமடைந்து தங்கள் பொருளைத் தாமே எடுத்துக்கொள்ள வேண்டுமென்று இறைவன் நாடினான்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பிள்ளைகளுக்காகப் பொருள் சேர்த்து வைத்த அந்தத் தகப்பனாரை அல்லாஹ் ஸாலிஹானவர் என்று குறிப்பிடுகிறான். ஆகவே, சேமிப்பது தக்வாவுக்கு மாற்றமானது என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. ஸஅத் இப்னு அபீ வக்காஸ் ரளியல்லாஹு அன்ஹு அவர்கள் நோயுற்றிருந்தபோது, தம் பொருள் முழுவதையும் தர்மத்திற்கு எழுதிவிட அனுமதி கேட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் இசையவில்லை. அதுவே அதிகம் என்றார்கள். வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தும் நிலையில் விட்டுச் செல்வதைவிடத் தன்னிறைவோடு விட்டுச் செல்வதே மேல் என்று விளக்கமும் தந்தார்கள்.

சேமிப்பு எது, கன்ஸ் எது?

இதற்கு எதிர்ப்பக்கத்தில் தவ்பா அத்தியாயம் நம்மை நடுங்க வைக்கிறது. பொன்னையும் வெள்ளியையும் சேர்த்து வைத்து, அல்லாஹ்வின் பாதையில் செலவிடாதோருக்கு, அதே பொன்னும் வெள்ளியும் நரக நெருப்பில் பழுக்கக் காய்ச்சப்பட்டு, நெற்றியிலும் விலாவிலும் முதுகிலும் சூடு போடப்படும் என்று அது எச்சரிக்கிறது. இப்படிப் பதுக்கப்படும் பொருளுக்குத்தான் கன்ஸ் என்று பெயர்.

அப்படியானால் சுவருக்கு அடியில் இருந்ததும் பொருள்தானே, அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அப்துல்லாஹ் இப்னு உமர் ரளியல்லாஹு அன்ஹுமா அவர்களின் விளக்கம் இங்கே நமக்கு வழிகாட்டுகிறது. ஜகாத் கொடுக்கப்பட்ட பொருள் பூமிக்கு அடியில் புதைக்கப்பட்டிருந்தாலும் கன்ஸ் ஆகாது. ஜகாத் கொடுக்கப்படாத பொருள் கண்முன்னே வெளியில் கிடந்தாலும் கன்ஸ்தான் என்பது அவர்களின் கருத்து. அபூதர்ரு ரளியல்லாஹு அன்ஹு அவர்கள் இன்னும் பேணுதலாக, தேவைக்கு மிஞ்சியதையெல்லாம் கொடுத்துவிட வேண்டுமென்று கருதினார்கள். பெரும்பாலான ஸஹாபாக்களும் இமாம்களும் முன்னதையே சட்டமாகக் கொண்டனர்.

எனவே, உங்கள் பீரோவில் இருக்கும் ஒரே காசு சேமிப்பாகவும் இருக்க முடியும். கன்ஸாகவும் இருக்க முடியும். அதைத் தீர்மானிப்பவை மூன்று: அதை வாங்கிய விதம், அதன் ஹக்கைக் கொடுத்தோமா என்பது, எந்த நிய்யத்தோடு அதை வைத்திருக்கிறோம் என்பது. இம்மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அதற்கு முன், காசு என்ற அந்தப் பொருளைப் பற்றிச் சில வார்த்தைகள்.

தீனாரும் பவுனும்

நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் அரபு நாட்டுக்கென்று தனி நாணயம் கிடையாது. ரோமானியரின் தங்கத் தீனாரும் பாரசீகரின் வெள்ளித் திர்ஹமும் அங்கே புழங்கின. ஹிஜ்ரி 77ஆம் ஆண்டில் கலீஃபா அப்துல் மலிக் இப்னு மர்வான் அவர்கள், உருவம் எதுவும் பொறிக்கப்படாமல் எழுத்துகள் மட்டுமே கொண்ட தீனாரை வெளியிட்டார்கள். அதன் எடை 4.25 கிராம். ஜகாத்துடைய நிஸாபுக்கு இன்று பல உலமாக்கள் கணக்கிடும் அளவு, இத்தகைய 20 தீனார்கள், அதாவது 85 கிராம்.

நம் ஊரில் புழங்கும் 'சவரன்' என்ற சொல், ஆங்கிலேயரின் சாவரின் என்ற தங்க நாணயத்தின் பெயரிலிருந்து வந்ததாகும். அந்நாணயம் ஏறத்தாழ 8 கிராம் எடையுள்ளது. நமது பவுன் கணக்கும் 8 கிராம்தான். ஆகவே ஒரு தீனார் என்பது அரைப் பவுனுக்குச் சற்று அதிகம். நாம் நகைக் கணக்கு என்று நினைக்கும் பவுன், உண்மையில் ஒரு நாணயத்தின் கணக்கு!

உர்வா அல்பாரிகீ ரளியல்லாஹு அன்ஹு அவர்களிடம் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தீனாரைக் கொடுத்து ஓர் ஆடு வாங்கி வரச் சொன்னார்கள். அவர்களோ அதற்கு இரண்டு ஆடுகளை வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஓர் ஆட்டோடும் ஒரு தீனாரோடும் திரும்பி வந்தார்கள். அவர்களின் வியாபாரத்தில் பரகத் உண்டாக நாயகம் (ஸல்) அவர்கள் துஆ செய்தார்கள். அந்த எடையுள்ள தங்கம் இன்றும் நம் சந்தையில் ஓர் ஆட்டுக்கு மிஞ்சியே விலை பெறும். பதினான்கு நூற்றாண்டுகளில் எத்தனையோ அரசுகளும் அவற்றின் பணங்களும் வந்து மறைந்துவிட்டன. தங்கத்திற்கு மதிப்பு இருந்துகொண்டே வருகிறது.

நம் நாட்டிலேயே 2000ஆம் ஆண்டில் 10 கிராம் தங்கம் ஏறத்தாழ 4,400 ரூபாயாக இருந்தது. 2010இல் ஏறத்தாழ 18,500 ரூபாய். 2020இல் 48,000 ரூபாயைத் தாண்டியது. 2025இல் ஒரு லட்சத்தையும் கடந்துவிட்டது. ரூபாய் நோட்டாகப் பெட்டியில் வைத்தவரின் சேமிப்பு தேய்ந்தது. காசாக வைத்தவரின் சேமிப்பு தேயவில்லை.

ஆனால் இதைச் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டியது நம் கடமை. தங்கம் ஏறிக்கொண்டே இருக்கும் என்று மார்க்கம் எந்த உத்தரவாதமும் தரவில்லை. 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் தங்கம் 850 டாலர் வரை ஏறியது. பின்னர் இறங்கிய அது, அந்த உயரத்தை மீண்டும் தாண்டியது 2008 ஜனவரியில்தான். இடையில் 28 ஆண்டுகள்! 2013ஆம் ஆண்டில் மட்டும் டாலர் கணக்கில் கால் பங்குக்கு மேல் விலை சரிந்தது. தங்கத்தின் விலை எங்கே போகும் என்று கணித்துச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்டு, வீட்டை விற்றுத் தங்கம் வாங்குவது சேமிப்பு ஆகாது, அது துணிச்சல்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். காசு என்பது ஒரு குடை. அது கலப்பை அல்ல. மழையிலும் வெயிலிலும் காக்கும். உழுது பயிர் விளைவிக்காது. அனாதைகளின் பொருளை ஜகாத் தின்று தீர்த்துவிடாதபடி அதைக் கொண்டு வியாபாரம் செய்யுங்கள் என்ற கருத்தில் உமர் ரளியல்லாஹு அன்ஹு அவர்கள் அறிவுறுத்தினார்கள். ஆகையால் ஹலாலான தொழிலுக்கு உரிய முதலை முடக்கிக் காசாக்கி வைக்காதீர்கள். மருத்துவம், படிப்பு, வேலையிழப்பு, வயோதிகம் ஆகியவற்றுக்கென ஒதுக்கும் பங்கைக் காசாக வையுங்கள்.

நகையா, காசா?

தாய்மார்கள், 'நகையும் தங்கம்தானே, அதுவும் சேமிப்புதானே' என்று கேட்பீர்கள். அணிவதற்காக நகை வாங்குவது ஆகுமானதே. ஆனால் சேமிப்பென்று எண்ணி நகை வாங்கினால், வாங்கும்போது செய்கூலியும் சேதாரமும் கொடுக்கிறோம். விற்கும்போது அவை இரண்டும் திரும்பி வருவதில்லை. கல் வைத்த நகையில் கல்லின் எடையையும் கழிக்கிறார்கள். காசிலும் சிறிய அளவில் செய்கூலி உண்டு; 2017 முதல் நடப்பிலுள்ள மூன்று சதவீத ஜி.எஸ்.டி. வரியும் உண்டு. ஆயினும் நகையில் போவதைப் பார்க்க இது மிகக் குறைவு. எனவே அடிக்கடி வாங்கி விற்பதற்குக் காசு ஏற்றதன்று. வாங்கிப் பல்லாண்டு வைப்பதற்கு ஏற்றது.

காசு வாங்குவோர், 999 என்று நேர்த்தி குறிக்கப்பட்ட காசா என்று பாருங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். உருவம் பொறிக்கப்படாத காசாகக் கேட்டு வாங்குங்கள். கடைகளில் அவையும் கிடைக்கின்றன. வங்கிகளில் வாங்கிய காசை வங்கிகள் திரும்ப வாங்குவதில்லை என்பதையும், நகைக்கடையில்தான் விற்க வேண்டியிருக்கும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது: வாங்கும் விதம்

உபாதா இப்னு ஸாமித் ரளியல்லாஹு அன்ஹு அவர்கள் அறிவிக்கும் நபிமொழி இந்தப் பாடத்திற்கு அடித்தளமாகும். பொன்னுக்குப் பொன், வெள்ளிக்கு வெள்ளி என்று மாற்றும்போது சம எடையாகவும் கைக்குக் கையாகவும் இருக்க வேண்டும். இனம் வேறுபட்டால் எடை வேறுபடலாம், ஆனால் கைக்குக் கையாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். இன்றைய ரூபாய் நோட்டு, பொன் வெள்ளியைப் போன்றே விலைமதிப்பாகும் தன்மை கொண்டது என்று 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி முடிவு செய்தது. அதன்படி, தங்கத்தை வாங்கும் அதே சபையில் பணம் கடைக்காரர் கைக்கும் தங்கம் நம் கைக்கும் மாற வேண்டும். நோட்டைச் செப்புக்காசின் இடத்தில் வைத்து, ஒரு பக்கம் கைமாறினாலே போதும் என்று கூறும் ஹனஃபீ உலமாக்களும் இருக்கின்றனர். கருத்து வேற்றுமையிலிருந்து வெளியேறி நிற்பதே பேணுதல் என்பதால், பணத்தைக் கொடுத்து அங்கேயே காசைக் கையில் வாங்குங்கள் என்றே நாம் சொல்வோம்.

இங்கே நடைமுறையில் மூன்று தவறுகளைப் பார்க்கிறோம்.

ஒன்று, பழைய நகையைக் கொடுத்துப் புதிய காசை வாங்குவது. பத்துக் கிராம் பழைய தங்கத்திற்கு எட்டுக் கிராம் புதிய தங்கம் என்று நேரடியாக மாற்றினால், பொன்னுக்குப் பொன் ஏற்றத்தாழ்வாகிவிடுகிறது. அது வட்டியின் ஒரு வகை. கைபரில் கிடைத்த, மணிகளும் பொன்னும் கலந்த ஒரு மாலையை ஃபளாலா இப்னு உபைத் ரளியல்லாஹு அன்ஹு அவர்கள் 12 தீனார்களுக்கு வாங்கினார்கள். பிரித்துப் பார்த்தபோது அதிலிருந்த பொன்னே 12 தீனார்களுக்கு மேல் இருந்தது. பிரித்தறியாமல் இவ்வாறு விற்கக் கூடாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துவிட்டார்கள். இதற்கு மாற்று வழி மிக எளிது. பழைய நகையை விற்றுப் பணத்தைக் கையில் வாங்குங்கள். பிறகு அப்பணத்தைக் கொடுத்துக் காசை வாங்குங்கள். ஒரே கடையாக இருந்தாலும் இரண்டும் தனித்தனி வியாபாரமாக நடக்கட்டும்.

இரண்டு, மாதச் சீட்டு. பதினொரு மாதங்கள் நாம் பணம் கட்டுகிறோம். பன்னிரண்டாவது மாதத் தவணையைக் கடைக்காரர் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். கட்டும்போது தங்கம் கைக்கு வரவில்லை. எனவே அந்தப் பணம் கடைக்காரரிடம் நாம் கொடுத்து வைத்த கடனாகவே நிற்கிறது. கடனுக்கு மேல் முன்கூட்டியே பேசி வாங்கும் எந்தப் பயனும் வட்டியாகும். மார்க்கம் ஒருபுறம் இருக்க, கடை மூடப்பட்டு, சீட்டுக் கட்டியவர்கள் அட்டையோடு வாசலில் நின்ற செய்திகளும் நம் மாநிலத்தில் புதிதல்ல. அதே தொகையை வீட்டிலேயே சேர்த்து வாருங்கள். அரைக் கிராமிலும் ஒரு கிராமிலும் காசு கிடைக்கிறது. அந்த அளவு பணம் சேர்ந்தவுடன் போய் வாங்கிவிடுங்கள்.

மூன்று, கைக்கு வராத தங்கம். கைப்பேசியில் பணம் செலுத்தி, கணக்கில் தங்கம் இருப்பதாகக் காட்டப்படும் முறை இன்று பரவியுள்ளது. 2016இல் வெளியான ஆயோஃபி நிறுவனத்தின் தங்கம் பற்றிய ஷரீஅத் அளவுகோல் 57, கையில் வாங்குவதற்குப் பதிலாக, வாங்கியவருக்கென்று தங்கம் குறிப்பாகப் பிரித்து ஒதுக்கப்பட்டு அவருடைய பொறுப்பில் வருவதையும் கைப்பற்றுதலாக ஏற்கிறது. எனவே அத்தகைய இடத்தில் பணம் போடுமுன், தங்கம் உண்மையில் இருக்கிறதா, நமக்கென ஒதுக்கப்படுகிறதா, கேட்டால் கையில் கிடைக்குமா என்று விசாரிக்க வேண்டும். 2015 முதல் 2024 வரை மத்திய அரசு வெளியிட்டு வந்த தங்கப் பத்திரங்களிலோ ஆண்டுதோறும் வட்டியும் சேர்த்துத் தருவதாக எழுதப்பட்டிருந்தது. அதை வாங்கி வைத்திருப்போர் தம் நிலையை உலமாக்களிடம் கேட்டுச் சீர்செய்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது: காசின் ஹக்கு

வளைகுடாவில் பல்லாண்டு உழைத்துத் திரும்பிய சகோதரர் ஒருவர் ஒரு நாள் அஸருக்குப் பின் நம்மிடம் வந்தார். 'ஹஜ்ரத், மகள் பிறந்ததிலிருந்து வருஷத்துக்கு ஒரு பவுன் காசு வாங்கி வைத்து வருகிறேன். எல்லாம் அவள் கல்யாணத்துக்குத்தான். இதற்கு ஜகாத் உண்டா?' என்று கேட்டார். 'காசு யாருடையது?' என்று நாம் திருப்பிக் கேட்டோம். 'அவளுக்காகத்தான் வாங்கினேன்' என்றார். 'அவளுக்குக் கொடுத்துவிட்டீர்களா, கொடுக்கப் போகிறீர்களா?' என்று கேட்டோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார்.

இந்த ஒரு கேள்வியில்தான் நம் மஹல்லாவின் பல வீடுகளுடைய ஜகாத் அடங்கியிருக்கிறது. 'கல்யாணத்திற்காக' என்பது ஒரு நிய்யத்; அது உடைமையை மாற்றாது. கொடுத்துவிடாத வரை அது தகப்பனாரின் பொருள். நிஸாபை அடைந்து, ஒரு சந்திர ஆண்டு நிறைந்தால், ஒவ்வோர் ஆண்டும் நாற்பதில் ஒரு பங்கு அவர்மீது கடமை. மாறாக, மகளுக்கு இதை ஹிபாவாகக் கொடுத்துவிட்டேன் என்று முடிவு செய்து, அவளுடைய பொருளாகவே பாதுகாத்து வந்தால், அது அவளுடையது. சிறு பிள்ளைக்காகத் தகப்பனார் கைப்பற்றி வைப்பதே போதும். அதன் பிறகு தமது தேவைக்கு அதை எடுத்து விற்க அவருக்கு உரிமையில்லை. அந்நிலையில் ஷாஃபிஈ மத்ஹபின்படி பிள்ளையின் பொருளிலும் ஜகாத் கடமை. வலீ அதிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். ஹனஃபீ மத்ஹபின்படி பருவமடையாத பிள்ளையின் தங்கத்தில் ஜகாத் இல்லை. பருவமடைந்தபின் அவள்மீது கடமையாகும். நம் ஜமாஅத்தில் இரு மத்ஹபினரும் இருப்பதால் இரண்டையும் சொல்கிறோம். ஆனால் ஜகாத் கேட்கும்போது 'மகளுடையது' என்றும், பணமுடை வரும்போது 'என்னுடையது' என்றும் சொல்வதற்கு எந்த மத்ஹபிலும் இடமில்லை.

பெண்கள் வழக்கமான அளவில் அணியும் ஆகுமான நகைக்கு ஜகாத் இல்லை என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். ஹனஃபீ மத்ஹபில் அதற்கும் உண்டு. ஆனால் சேமித்து வைக்கும் காசு விஷயத்தில் இந்த வேற்றுமையே கிடையாது. இரு மத்ஹபிலும் ஜகாத் கடமை. ஆகவே 'நகைக்கு ஜகாத் இல்லை என்று கேள்விப்பட்டிருக்கிறோமே' என்று காசுக்குச் சாக்குச் சொல்ல முடியாது.

கணக்கு எளிது. தங்கத்தின் நிஸாப் 85 கிராம்; அதாவது பத்துப் பவுனும் ஐந்து கிராமும். நம் நாட்டு ஹனஃபீ உலமாக்கள் ஏழரைத் தோலா என்று கொண்டு 87.48 கிராம் என்பர். பன்னிரண்டு பவுன் சுத்தத் தங்கக் காசு ஒருவரிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது 96 கிராம். அவ்வாண்டு ஜகாத் 2.4 கிராம். அவர் புதிதாக எதையும் சேர்க்காமல் அக்காசிலிருந்தே கொடுத்து வந்தால், ஐந்தாவது ஆண்டு கொடுத்த பிறகு அவரிடம் 84.6 கிராம் அளவு இருக்கும். 85 கிராம் கணக்கில் அது நிஸாபுக்குக் கீழே வந்துவிட்டது. அந்தத் தங்கத்தில் மட்டும் அதற்குமேல் அவருக்கு ஜகாத் கடமையில்லை. ஐந்தாண்டுகளில் ஏழைகளின் ஹக்காகப் போனது ஏறத்தாழ 11.4 கிராம். ஒன்றரைப் பவுனுக்கும் குறைவு. 'ஜகாத் கொடுத்தால் காசு கரைந்துவிடும்' என்று அஞ்சுவோர் இந்தக் கணக்கை வீட்டில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ரொக்கமும் வெள்ளியும் வியாபாரச் சரக்கும் சேர்ந்து இருப்போரின் கணக்கு வேறு. அவர்கள் தனியே வந்து கேளுங்கள். தங்கமாகவே கொடுக்க வேண்டும் என்பதில்லாமல், அன்றைய விலைக்குப் பணமாகக் கொடுப்பதும் இன்று நடைமுறையில் உள்ளது.

அந்தச் சகோதரர் மறுவாரம் வந்தார். விடுபட்ட ஆண்டுகளின் கணக்கை எழுதி எடுத்து வந்திருந்தார். இரண்டு காசுகளை விற்று நிறைவேற்றினார். 'இவ்வளவு நாளும் பீரோவைத் திறக்கும்போதெல்லாம் ஒரு பயம் இருந்தது, ஹஜ்ரத். இப்போது இல்லை' என்றார். அல்லாஹ் அவருடைய செயலை ஏற்றுக்கொள்வானாக!

மூன்றாவது: நிய்யத்

எதற்காகச் சேர்க்கிறோம்? மகளுக்கென்று சேர்க்கும் காசு மாப்பிள்ளை வீட்டாரின் கைக்கூலிக்கென்று ஆகுமானால், ஹலாலாகச் சேர்த்ததைக் கொடுமைக்குத் தீனியாக்கியவர்கள் ஆகிவிடுவோம். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபு ரளியல்லாஹு அன்ஹு அவர்கள் ஒரு பேரீச்சங்கொட்டை எடையுள்ள பொன்னை மணமகளுக்கு மஹராகக் கொடுத்து நிகாஹ் செய்தார்கள். பொன் போகவேண்டிய திசை அதுதான். மணமகன் வீட்டிலிருந்து மணப்பெண்ணின் கைக்கு! இளைஞர்களே, நீங்கள் சம்பாதிக்கத் தொடங்கிய மாதத்திலிருந்து உங்கள் மஹருக்கென்று ஒரு கிராம், இரண்டு கிராம் என்று காசு சேர்த்து வாருங்கள். அந்தக் காசு அவளுக்கே சொந்தமான சேமிப்பாக அவளிடம் இருக்கட்டும்.

சேமிப்பின் நோக்கம் துன்ப காலத்தில் வெளியே வருவதே. சென்ற ஆண்டுகளில் அடகுச் சீட்டோடு நம்மிடம் வந்த தாய்மார்களின் முகங்கள் நம் கண்முன் நிற்கின்றன. மருத்துவமனைச் செலவுக்காக ஐந்து பவுனை அடகு வைத்து, வட்டி கட்ட முடியாமல், நகை மூழ்கிப்போன பிறகு வந்தவர்கள் உண்டு. அவர்களில் ஒருவரிடம், 'முதலிலேயே இரண்டு பவுனை விற்றிருக்கலாமே, அம்மா' என்று கேட்டோம். 'விற்றால் திரும்ப வாங்க முடியாதே என்று நினைத்தேன்' என்றார்கள். ஐந்தும் போய்விட்டது, வட்டியின் பாவமும் சேர்ந்துவிட்டது. காசு இருக்கும் வீட்டில் வட்டிக்குக் கடன் வாங்கவேண்டிய நிலை வரக்கூடாது. காசை விற்பது தோல்வியன்று. அதற்காகவே அதை வைத்தோம்.

அடகு வைப்பதே கூடாதென்றும் எண்ண வேண்டாம். நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் ஒரு யூதரிடம் தமது போர்க்கவசத்தை அடகு வைத்து வாற்கோதுமை வாங்கியிருந்தார்கள். விலக்கப்பட்டது அடகு அன்று, வட்டி. எனவே நிர்வாகப் பெருமக்களிடம் இச்சபையில் ஒரு கோரிக்கையை முன்வைக்கிறோம். காசை ஈடாகப் பெற்றுக்கொண்டு வட்டியில்லா அழகிய கடன் கொடுக்கும் ஏற்பாட்டைப் பைத்துல் மால் மூலம் தொடங்குங்கள். தொடக்கத்தில் பத்துப் பேருக்கு மட்டும் என்றாலும் போதும். ஈடாக வந்ததை எவரும் பயன்படுத்தக் கூடாது. எடை குறித்து, இரு சாட்சிகளோடு எழுதி, முத்திரையிட்டு வைக்க வேண்டும். பள்ளிவாசல் மினாராவை உயர்த்துவதற்கு நாம் காட்டும் ஆர்வத்தில் ஒரு பங்கை இதற்குக் காட்டினால், அடகுக் கடை வாசலில் நிற்கும் நம் சகோதரிகளின் எண்ணிக்கை குறையும்.

எழுதி வையுங்கள்

இறுதியாக ஒன்று. வஸிய்யத் செய்யவேண்டிய பொருளுடையவர் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். காசு சிறியது, மறைத்து வைப்பது எளிது. அதனாலேயே மௌத்துக்குப் பின் மறைந்து போவதும் எளிது. எத்தனை காசு, எங்கே இருக்கிறது, எது மனைவியுடையது, எது மகளுக்குக் கொடுத்துவிட்டது, எத்தனை ஆண்டு ஜகாத் பாக்கி என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நம்பிக்கையான ஒருவருக்காவது அந்த நோட்டு தெரிந்திருக்கட்டும். கொடுக்காத ஜகாத், ஷாஃபிஈ மத்ஹபின்படி மய்யித்தின் சொத்திலிருந்து முதலில் தீர்க்கவேண்டிய கடன். ஹனஃபீ மத்ஹபின்படி வஸிய்யத் செய்திருந்தால் மட்டுமே மூன்றில் ஒரு பங்கிலிருந்து எடுக்கப்படும். எழுதாமல் போனால் அந்தப் பாரம் நம் கழுத்திலேயே நிற்கும். எடை தெரிந்த காசை வாரிசுகள் ஃபராயிள் சட்டப்படி பங்கிடுவதும் எளிது. வளையலை இரண்டாக வெட்டிப் பங்கிட முடியாது.

அன்பிற்குரியவர்களே! இவ்வாண்டு ரமளான் பிறை தென்படுவதற்குள் ஒவ்வொரு வீட்டிலும் ஓர் இரவு அமருங்கள். இருக்கும் தங்கத்தை எடை போடுங்கள். யாருடையது என்று முடிவு செய்யுங்கள். ஜகாத்துக்கு ஒரு சந்திர மாதத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். விடுபட்டதைக் கணக்கிடுங்கள். வட்டிக்கு அடகு வைத்திருப்போர், சிறிதை விற்றுப் பெரிதை மீட்க முடியுமா என்று பாருங்கள்.

அந்த இரு அனாதைச் சிறுவர்களின் புதையலைக் காத்தது சுவர் அன்று. சுவர் தானே விழும் நிலையில்தான் இருந்தது. பொருளை வைத்தவரின் நன்மையை முன்னிட்டு அல்லாஹ்வே அதைக் காத்தான். நம் பிள்ளைகளுக்கு நாம் வைத்துச் செல்லும் காசு கொஞ்சமானாலும், ஹக்குக் கொடுக்கப்பட்டதாக, வட்டி கலவாததாக இருக்கட்டும். நாம் இல்லாத நாளில் அதைக் காப்பதற்கு அவன் போதுமானவன்.

யா அல்லாஹ்! எங்கள் சம்பாத்தியத்தை ஹலாலாக்குவாயாக! எங்கள் சேமிப்பை எங்களுக்குச் சுமையாக்காமல் சுகமாக்குவாயாக! வட்டியின் பிடியிலிருந்து எங்கள் குடும்பங்களை மீட்பாயாக! இந்த ரமளானை அடைந்து, உன் கடமைகளை நிறைவேற்றும் பாக்கியத்தைத் தருவாயாக! ஆமீன், ஆமீன், யாரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.